பாலத்துக்கு இந்தப் பக்கம்

அன்செல்மோ அண்ணன் மாவட்ட சபைத் தேர்தலில் நிற்கப்போகிறார் என்ற செய்தி வந்தபோது அவருடைய மனைவி எர்மெலிந்தா அக்கா ஆற்றில் கல் உடைத்துக்கொண்டிருந்தாள். கோடை. தண்ணீர் ஒரு பாய் அகலத்துக்குத்தான் ஓடியது, மற்றதெல்லாம் வெள்ளைக் கல். உருண்டைக் கல்லைக் காலிடுக்கில் வைத்துச் சுத்தியலால் நாலு அடி போட்டு ஜல்லியாக்கிக் குவித்துவைத்தால், லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். எங்கள் அகதி முகாமில் பெண்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதுதான் பிழைப்பு. லாரி ஓட்டுகிறவன் நான். என் பெயர் காயித்தானோ. அக்காவும் அண்ணனும் நானும் ஒரே மலையிலிருந்து வந்தவர்கள்.

"என்ன எர்மெலிந்தா, இனிமே நீ உறுப்பினர் பொண்டாட்டி. சுத்தியல் பிடிக்க ஆள் வச்சுக்கலாம்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

"வச்சா உன்னைத்தான் வைக்கணும். நீ உடைக்கிற கல்லு கோழிக்கு இறைச்ச நொய் மாதிரி இருக்கு. லாரிக்காரன் தொட மாட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவள் அடித்த அடியில் கல் இரண்டாகப் பிளந்து ஒரு சில்லு என் கால்மேல் வந்து விழுந்தது.

"நிசமாவா காயித்தானோ? நிக்கிறாரா?"

"அத்தம்புவா டவுன்ல பேர் குடுத்துட்டு வந்தாரு அக்கா. நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை" என்றாள். பிறகு அடுத்த கல்லை எடுத்தாள்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திமோர்த் தீவின் கிழக்குப் பாதி எங்களுடையது, மேற்குப் பாதி இந்தோனேசியா. இருபத்துநாலு வருடம் கிழக்கும் அவர்கள் கையில்தான் இருந்தது. எங்கள் ஊர் லெத்தேமுரா, காப்பி மலை. அண்ணன் காப்பி வியாபாரியிடம் எழுத்தராக இருந்தவர். ஊரில் நாலு வரி கோர்வையாக எழுதத் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பதால் இருபத்தொன்பது வயதிலேயே ஊர்த்தலைவர் ஆனார். பகலில் ராணுவ அதிகாரி வந்து அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிப்பான். மலைக்கு மேலே இருந்த போராளிகளுக்கும் அவர் வீட்டிலிருந்துதான் சோளம் போகும். கொண்டுபோகிறவன் அக்காவின் தம்பி பவுலினோ. இரண்டு பக்கத்துக்கும் தெரியும், இரண்டு பக்கமும் தெரியாததுபோல் இருந்தார்கள். ராணுவ முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போன பையன்களை எத்தனையோ தடவை அண்ணன் போய்க் கூட்டிவந்திருக்கிறார். போவார், அதிகாரியின் பிள்ளைகள் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பார், சிரிப்பார், வெளியே வரும்போது பையன் பின்னால் வருவான். யாரைப் பார்த்தாலும் பெயர், அவர்களுடைய பிள்ளைகள் பெயர், போன வருடம் மாடு செத்தது வரை ஞாபகம் வைத்திருப்பார். எங்கள் ஊருக்கு ரோடு வந்ததும், குழாயில் தண்ணீர் வந்ததும், பள்ளிக்கூடம் ஓட்டுக்கூரை ஆனதும் அவரால்தான். இரண்டு தடவை மாவட்ட சபை உறுப்பினராக இருந்தார். அப்போதெல்லாம் அவருடைய காப்பி லாரியை ஓட்டியது நான்.

தொண்ணூற்றொன்பதில் ஓட்டெடுப்பு வந்தது. இந்தோனேசியாவோடு இருப்பதா, தனியாகப் போவதா என்று. அண்ணன் என் லாரிமேல் ஏறி நின்று, சேர்ந்தே இருப்போம் என்று பேசினார். "பிரிஞ்சு போனா ராணுவம் நம்மளச் சும்மா விட்டுட்டுப் போகும்னு நினைக்கிறீங்களா? நான் அவங்களோட பழகினவன், எனக்குத் தெரியும்" என்றார். அதில் பொய் இல்லை, உண்மையிலேயே பயந்தார். ஊர்க்காவலுக்கு என்று நாற்பது வாலிபர்களைச் சேர்க்கச் சொன்னது ராணுவம். அவர்களுக்கு அரிசியும் துணியும் அண்ணன் கையெழுத்தில்தான் வந்தது. அவர்களுக்குத் தலைவன் அடிலியோ, எங்கள் ஊர்க்காரன்தான், அப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது. மாதா கோயிலில் உபதேசியாராக இருந்த பவுலினோ மட்டும், "அவங்கவங்க மனசு சொல்றபடி போடுங்க" என்று பூசை முடிந்ததும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜனங்கள் மனசு சொன்னபடியே போட்டார்கள். முடிவு வந்த மறுநாள் ஊர் எரிந்தது. அந்த நாற்பது பேரும் ராணுவத்தோடு சேர்ந்து தெருத்தெருவாக நெருப்பு வைத்தார்கள். ஓட்டுக்கூரைப் பள்ளிக்கூடமும் போனது. ஆட்களை லாரியில் ஏற்றி மேற்கே கொண்டுவந்தோம். ஓட்டியவன் நான், ஏற்றிவிட்டவர் அண்ணன். பவுலினோ ஏறவில்லை. அவன் மலைக்கு ஓடியிருப்பான் என்று அண்ணன் அக்காவிடம் சொன்னார்.

அதன் பிறகு அவன் மலையிலும் இல்லை, ஊரிலும் இல்லை. முகாமுக்கு எங்கள் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் அக்கா போய் விசாரிப்பாள். உயரமாக இருப்பான், இடது காது மடல் கொஞ்சம் சின்னது என்று அடையாளம் சொல்லுவாள். எல்லோருக்கும் பவுலினோவைத் தெரியும், இருந்தாலும் சொல்லுவாள்.

நாலு வருடம் முகாமில் ஓடிவிட்டது. கிழக்கு தனி நாடு ஆகிவிட்டது. திரும்பிப் போனவர்கள் போனார்கள், பயந்தவர்கள் இருந்தோம். பனையோலைக் கூரை, தார்ப்பாய்ச் சுவர். நிலத்துக்காரர்கள் வரப்பில் வந்து நின்று, "எப்ப காலி பண்ணுவீங்க" என்று கேட்பார்கள். அண்ணன் இங்கேயும் சும்மா இருக்கவில்லை. அரிசி வரவில்லை என்றால் டவுனுக்குப் போவார், கிணறு கேட்பார், செத்தவர்களைப் புதைக்க இடம் கேட்டு வாங்கினார். இப்போது அகதிகளுக்கும் ஓட்டு உண்டு என்றானதும் ஒரு கட்சி அவரைத் தேடி வந்தது. அடிலியோவும் அவன் ஆட்களும் கூடாரம் கூடாரமாகப் போய் வேலை செய்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சுல்மீராவின் கடிதம் வந்தது. சுல்மீரா அவர்களுடைய ஒரே மகள். கலவரத்தின்போது எங்கள் பக்கத்துத் தலைநகர் தில்லியில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவள், அங்கேயே இருந்துவிட்டாள். கடிதத்தைச் சரக்கு வண்டிக்காரன் கொண்டுவந்தான். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் கூட்டத்துக்குப் போயிருந்ததால் நான்தான் படித்தேன். வீட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது. காப்பி இந்த வருடம் நன்றாகக் காய்த்திருக்கிறது, பறிக்க ஆள் இல்லை. ஊரில் பாய் விரிக்கிறார்கள், தப்புச் செய்தவர்கள் பாயில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் சொன்னால் பெரியவர்கள் கேட்டுத் தீர்த்துவைக்கிறார்கள். பவுலினோ மாமாவைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா, நீ வா. அப்பாவும் வரட்டும்.

"கடைசி வரியை இன்னொரு தடவை படி" என்றாள் அக்கா. படித்தேன்.

அண்ணன் வந்ததும் சோறு வைத்தாள். சோளமும் பயறும் பூசணியிலையும் சேர்த்து வேகவைத்தது, தொட்டுக்கொள்ள மிளகாய். என்னையும் உட்காரச் சொன்னார் அண்ணன். அவர் கூட்டத்தில் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது.

"நான் ஊருக்குப் போறேன்" என்றாள் அக்கா.

"போகலாம். தேர்தல் முடியட்டும்."

"தேர்தல் ஏப்ரல்ல. காப்பிப் பழம் ஏப்ரல் வரைக்கும் மரத்துல உக்காந்திருக்குமா?"

"காப்பிக்காகவா போற?"

"எதுக்காகப் போறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணன் சோற்றிலிருந்து கையை எடுத்தார். "இங்க பாரு. நான் கூடாரம் கூடாரமாப் போயி, இருங்க, நாம இங்கேயே நம்ம ஜனத்துக்கு ஒரு வழி பண்ணுவோம்னு சொல்லிட்டு வரேன். என் பொண்டாட்டியே மூட்டையைக் கட்டினா என்ன சொல்லுவாங்க?"

"அன்செல்மோ பொண்டாட்டி ஊருக்குப் போயிட்டான்னு சொல்லுவாங்க."

"அப்புறம் எனக்கு யாரு போடுவா?"

"அங்கேயும் ஜனங்கதான் இருக்காங்க. அங்க போயி உக்காருங்க பாயில. அரிசிக்குக் கையெழுத்துப் போட்டேன், இப்படி ஆகும்னு நினைக்கலைன்னு சொல்லுங்க. கேப்பாங்க. உங்களால வெளிய வந்த பையனுங்க அந்த ஊர்ல எத்தனை பேரு."

"கேக்குறவங்க கேப்பாங்க. வீடு எரிஞ்சவங்க?"

"அவங்களும் கேக்கட்டும். நீங்க எத்தனை பேரைக் கேக்க வச்சிருக்கீங்க."

அப்போது அடிலியோ உள்ளே வந்தான். மழை பெய்யாத மேகம் மாதிரி எப்போதும் கறுத்துப்போன முகம் அவனுக்கு. தலையைக் குனிந்தபடி, "மாமா, நாளைக்கு மேலக் கூடாரங்களுக்குப் போகணும்" என்றான்.

"உக்காரு, சாப்பிடு" என்றாள் அக்கா. அவனுக்கும் வைத்தாள். அவன் இரண்டாவது தடவை கேட்டான். அதையும் வைத்தாள்.

மறுநாளே அக்கா பதிவு செய்கிறவர்களிடம் போய்த் திரும்பிப் போகிறவர்கள் பட்டியலில் பெயர் கொடுத்துவிட்டாள். பத்து நாளில் ஊருக்குக் கூட்டிப்போகிற லாரி வரும் என்றார்கள். முகாம் முழுக்க அதுதான் பேச்சு. அண்ணன் கோபப்படவில்லை. யாராவது கேட்டால், "பொண்ணைப் பாத்துட்டு வந்துருவா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

லாரி வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் அவர் ஆற்றுக்கு வந்தார். நான் ஜல்லி ஏற்றிக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் போகிற வெள்ளைச் சட்டை, பூட்ஸ். கல்லுக்குக் கல் காலை வைத்து, வழுக்கி, கையை ஊன்றி வந்தார். மற்ற பெண்கள் நிழலுக்குப் போயிருந்தார்கள். அக்கா தனியாக இருந்தாள். அன்றைக்கும் அவள் வேலையை விடவில்லை. அவளுக்கு எதிரே ஒரு கல்மேல் உட்கார்ந்தார். நான் இருப்பது அவருக்குத் தெரியும். என்னைப் போகச் சொல்லவில்லை.

"பவுலினோ மலைக்குப் போகலை" என்றார்.

"அது எனக்குத் தெரியும்."

"காப்பி கழுவுற தொட்டிக்குப் பின்னால, தோல் கொட்டுற குழி இருக்குல்ல."

சுத்தியல் நின்றது. ஆற்றில் தண்ணீர் ஓடுகிற சத்தம் அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"எப்போலேருந்து தெரியும்?"

"இங்க வந்து மூணாம் மாசம். அடிலியோ சொன்னான். அவன் கையால இல்ல. கூட இருந்தவனுங்க. ரெண்டு பேரு செத்துட்டானுங்க, ஒருத்தன் எங்க போனான்னு தெரியலை. இவன் பக்கத்துல நின்னான்."

"நின்னானா."

"தடுக்கலை. குழியில போட்டது இவனும் சேர்ந்துதான்."

அக்கா சுத்தியலை மடியில் வைத்தாள். முக்காட்டு நுனியால் முகத்தில் இருந்த கல்தூசியைத் துடைத்தாள். அழவில்லை.

"அவனுக்கு ரெண்டாவது தடவையும் சோறு போட்டேன்" என்றாள்.

அண்ணன் தலையைக் குனிந்தார்.

"நான் ஒவ்வொருத்தர்கிட்டயும் காது அடையாளம் சொல்லிக் கேட்டப்ப நீங்க பக்கத்துல இருந்தீங்க."

"இருந்தேன்."

"நாலு வருஷம்."

"உங்கிட்ட சொன்னா நீ போயிருவேன்னு நினைச்சேன். அப்புறம், சொல்றதுக்கு நேரம் தாண்டிப்போச்சுன்னு நினைச்சேன்."

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"லாரியில ஆள் ஏத்திட்டிருந்தேன். உனக்குத் தெரியுமே."

"தொட்டிக்கும் லாரி நின்ன எடத்துக்கும் எவ்வளவு தூரம்? அவன் கத்தினானா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அன்றைக்கு லாரியில் இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தவன் நான். இன்ஜின் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"கத்தினான்" என்றார் அண்ணன். "என் பேரைச் சொல்லித்தான் கத்தினான். லாரியில பொம்பளைங்க, பிள்ளைங்க. நான் அங்க போனா லாரி கிளம்பாது, எல்லாரையும் எரிச்சுருவானுங்கன்னு நினைச்சேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைச்சுக்கிறேன். அது நிசமா இல்லையான்னு எனக்குத் தெரியலை."

அக்கா எழுந்தாள். உடைத்த குவியலை என்னிடம் காட்டி, "இதையும் ஏத்திக்க" என்றாள். பிறகு சுத்தியலைப் பக்கத்தில் கல் உடைக்கிறவளின் கூடையில் போட்டுவிட்டுக் கரையேறினாள். அண்ணன் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்திருந்தார். அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

மறுநாள் காலையில் அக்கா லாரி ஏறினாள். ஒரு மூட்டை, ஒரு பானை, இரண்டு கோழி. அண்ணன் மூட்டையைத் தூக்கிக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் அண்ணன் ஜெயித்தார். எங்கள் முகாம்கள் மூன்றும் சேர்ந்து அவருக்குப் போட்டன. பன்றி அறுத்து விருந்து. அவர் எல்லோருக்கும் கை கொடுத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பழுப்பு நிறச் சீருடை கிடைத்தது, ஜீப் கிடைத்தது. ஜீப்பை ஓட்ட என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். கூடாரத்தை விட்டு டவுனுக்கு மாறச் சொன்னார்கள். மாறவில்லை. தானே சோளம் வேகவைத்துத் தின்றார். சில நாள் நான் போனால் சட்டியில் பாதி அப்படியே இருக்கும்.

எல்லையில் ஒரு பாலம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு நாள் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் அங்கே பார்த்துக்கொள்ள விடுவார்கள். ஜூன் மாதம் அக்கா வருகிறாள் என்று சொல்லி அனுப்பினாள். கடல் பக்கமிருந்து உப்புக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. தார்ப்பாய்ப் பந்தலில் நூறு பேர் கட்டிப்பிடித்து அழுதுகொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள். அக்கா மெலிந்திருந்தாள். அண்ணனுக்கு ஒரு பை நிறையக் காப்பிக்கொட்டை கொண்டுவந்திருந்தாள்.

"எடுத்தோம்" என்றாள். "நீங்க சொன்ன எடத்துலதான். மேல ரெண்டு ஆள் உயரத்துக்குக் காப்பித்தோல். மக்கிக் கறுப்பு மண்ணா ஆயிருந்துச்சு. ஊரே வந்து அள்ளினாங்க. மூணு நாள். சுல்மீராவே இறங்கி எலும்பை எடுத்தா. இளநீர் விட்டுக் கழுவி, வெள்ளைத் துணியில சுத்தி, எங்க அம்மா பக்கத்துல வச்சோம்."

"பங்குச் சாமியார் வந்தாரா?"

"வந்தாரு."

"என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. எடத்தைச் சொன்னது யாருன்னு கேட்டாங்க. எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. எல்லாரும் குனிஞ்சு மண்ணை அள்ளிட்டிருந்தாங்க." பிறகு, "வர்றீங்களா?" என்றாள். அதட்டாமல், பந்தியில் இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"இந்த ஜனங்களை விட்டுட்டு எப்படி வர்றது? நெலத்துக்காரன் வழக்குப் போட்டிருக்கான். முந்நூறு குடும்பம்."

அக்கா தலையசைத்தாள். மேலே வற்புறுத்தவில்லை. கிளம்பும்போது சொன்னாள், "அடிலியோவோட அம்மா நம்ம வீட்டுக்குக் கீரை கொண்டாந்து தருது. கண்ணு சரியாத் தெரியலை அதுக்கு. எம்புள்ளை சாப்பிடுதான்னு கேட்டுச்சு. சாப்பிடுறான், நானே போட்டிருக்கேன்னு சொன்னேன். அவன்கிட்ட சொல்லுங்க, அம்மா கேட்டாங்கன்னு."

அண்ணன் அதை மறைக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே அடிலியோவைக் கூப்பிட்டு, குழியை அவளிடம் சொன்னது, எலும்பை எடுத்தது, அம்மா கேட்டது எல்லாவற்றையும் சொன்னார். அடிலியோ நின்றபடியே கேட்டான். இரண்டு மாதம் முகாமில் யாரோடும் பேசவில்லை. ஆகஸ்டில் ஒரு நாள் வந்து, "மாமா, நான் போறேன்" என்றான்.

"உன் விஷயம் பாயில தீராது. தில்லி கோர்ட்டுக்குப் போகும். உள்ள வச்சுருவாங்க."

"வைக்கட்டும். அம்மா சோறு கொண்டாந்து தரும். இங்க யாரு இருக்கா?" கொஞ்சம் தயங்கினான். "உங்க பேரும் வரும் மாமா. அரிசி யாரு குடுத்தாங்கன்னு கேப்பாங்க."

"சொல்லு."

"உங்களுக்குக் கெடுதல் வரும்."

"ஒரு எழுத்துக் குறையாமச் சொல்லு" என்றார் அண்ணன்.

அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, நாலு நாள் கழித்துக் காலையில் அவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பாலத்துக்குப் போனோம். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி அண்ணன் அவனுக்கு வறுத்த மீனும் மரவள்ளிக் கிழங்கும் வாங்கிக் கொடுத்தார். அவன் மடியில் வைத்துக்கொண்டான். காவலுக்கு நின்ற சிப்பாய், சீருடையைப் பார்த்து அண்ணனுக்கு சல்யூட் அடித்துத் தடுப்புக் கட்டையைத் தூக்கினான். அந்தப் பக்கம் பாலத்தின் முனையில் எர்மெலிந்தா அக்கா நின்றிருந்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அடிலியோ நாலு எட்டு வைத்துவிட்டுத் திரும்பினான்.

"நீங்க வரலையா மாமா?"

கட்டை இன்னும் மேலேதான் இருந்தது. சிப்பாய் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்திலிருந்து அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சட்டைப் பொத்தானைத் தொட்டார், சரியாக இருந்த பொத்தானைத்தான்.

"எனக்குக் கூட்டம் இருக்கு" என்றார்.

அடிலியோ நடந்தான். கிழவியின் கையை எடுத்து அக்கா அவன் முகத்தில் வைத்தாள். கிழவி அவன் கன்னத்தை, மூக்கை, வாயைத் தடவினாள். மூவரும் திரும்பி மேட்டில் ஏறிப் போனார்கள். சிப்பாய் கட்டையை இறக்கினான்.

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும், "எங்கண்ணே போகணும்?" என்று கேட்டேன்.

"ஆபீஸுக்கு."

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. டவுனில் கோயில் விட்டு ஜனங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் ஜீப்பைப் பார்த்துக் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். சபை ஆபீஸ் கதவு பூட்டியிருந்தது. அதன் முன்னால் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். அவர் இறங்கவும் இல்லை, வேறெங்கும் போகச் சொல்லவும் இல்லை.